பட்டியல் வந்து சேரும் முன்: கடலூர், புதுவைக் கரையோரச் சுறாக்களை எங்கே காக்க வேண்டும்

புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய சுறா இனம் ஒன்று உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இவ்வூரிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற மாதிரியைக் கொண்டு, யொஹானஸ் முல்லர், யாக்கோப் ஹென்லே என்ற இரண்டு ஜெர்மானிய உடற்கூற்றியல் அறிஞர்கள் 1839இல் அதை முதன்முதலாக விவரித்தார்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் வளரும், துடுப்பு நுனிகள் கறுத்த அந்த மீனின் அறிவியல் பெயர் கார்கரைனஸ் ஹெமியோடன். பொதுவழக்கில் பாண்டிச்சேரிச் சுறா. உலகத்து அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து அதற்குச் சுமார் 20 மாதிரிகளே இருக்கின்றன. ஐயத்துக்கு இடமின்றி அது கடைசியாகப் பதிவானது 1979இல். இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்பைத் தரும் முதல் அட்டவணையில் அது இடம்பெற்றது 2001இல். இரண்டுக்கும் இடையே 22 ஆண்டுகள்.

இந்த இடைவெளியை அரசு இயந்திரத்தின் வழக்கமான தாமதம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் சுறாப் பாதுகாப்புக்காக நாம் இதுவரை கைக்கொண்ட முறையே இத்தகைய தாமதத்தைத் தன்னுள் கொண்டிருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். ஓர் இனம் அரிதாகிவிட்டது என்று நிறுவப்பட்ட பிறகு அதன் பெயரைப் பட்டியலில் சேர்ப்பது ஒரு வழி. துடுப்பு ஏற்றுமதியைத் தடுப்பது மற்றொரு வழி. கடலூர், புதுவைக் கரையில் சுறா சாகும் விதமோ இவ்விரண்டுக்கும் வெளியே இருக்கிறது. இங்கே அது பெரும்பாலும் குட்டியாக, வேறு மீனுக்காக விட்ட வலையில் சிக்கி, உள்ளூர்ச் சந்தையில் விற்று, இறைச்சியாகச் சமையலறைக்குப் போகிறது. ஆகவே மீனின் பெயரைவிட அது பிறக்கும் இடமும், பிடிபடும் அளவும், பருவமும் பாதுகாப்பின் அலகுகளாக வேண்டும்.

சுறாவை மற்ற மீன்களோடு சேர்த்து எண்ணும் பழக்கத்திலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. மத்தி ஓராண்டுக்குள் பருவமடைந்து பல்லாயிரம் முட்டைகளை இடுகிறது; ஓராண்டு பிடிப்பு மிகுந்தாலும் மழையும் நீரோட்டமும் இசைந்தால் அடுத்த சில ஆண்டுகளில் அதன் கூட்டம் மீண்டுவிடக்கூடும். சுறாக்களில் பெரும்பாலானவை அப்படியல்ல. நம் கரையில் மிகவும் அறிமுகமான பால் சுறா, ஏறக்குறைய ஓராண்டு கருவைச் சுமந்து, ஒன்றிலிருந்து எட்டுக்குள்தான் குட்டி ஈனுகிறது. சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறாவின் ஓர் இனம் ஒரே ஈற்றில் முப்பது, நாற்பது குட்டிகள் வரை ஈன வல்லது என்றாலும், அதன் பெண் இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்த பிறகே தாயாகிறது. அந்த அளவை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். மத்தியைப் பொறுத்தவரை எத்தனை தாய்கள் மிஞ்சின என்பதைவிட அவ்வாண்டின் கடல்நிலையே அடுத்த தலைமுறையின் அளவை முடிவு செய்கிறது. சுறாவில் அடுத்த தலைமுறை என்பது எஞ்சிய தாய்களின் எண்ணிக்கையோடு ஏறக்குறைய நேரடியாகக் கட்டுண்டது. தாய்கள் பாதியானால் குட்டிகளும் பாதியாகும். அந்த இழப்பை ஈடுகட்ட வேறு வழி அதனிடம் இல்லை.

உலக அளவில் இதன் விளைவு தெளிவாகவே பதிவாகியிருக்கிறது. சுறா, திருக்கை, அவற்றின் உறவினங்கள் எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை அழியும் ஆபத்தில் இருப்பதாக 2021இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. ஆழ்கடலில் திரியும் சுறாக்களும் திருக்கைகளும் 1970க்குப் பின் 71 விழுக்காடு குறைந்திருப்பதாக அதே ஆண்டின் மற்றோர் ஆய்வு கணக்கிட்டது. உலகில் மிகுதியாகச் சுறா பிடிக்கும் நாடுகளில் இந்தோனேசியா, ஸ்பெயின் ஆகியவற்றோடு இந்தியாவும் நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. 1990களின் இறுதியில் 70,000 டன்னைத் தாண்டிய இந்தியாவின் சுறா, திருக்கைப் பிடிப்பு, அதற்கடுத்த இருபது ஆண்டுகளில் படகும் எஞ்சின் திறனும் வலையின் நீளமும் பெருகியபோதும் வெகுவாகக் குறைந்தது. முயற்சி கூடியும் பிடிப்பு இறங்குவதற்குச் சந்தை நிலவரத்தைக் காரணம் காட்ட முடியாது.

கடலூர் மாவட்டத்தின் கடற்கரை சுமார் 57 கிலோமீட்டர். வடக்கே தென்பெண்ணையும் கெடிலமும், நடுவில் உப்பனாறும், தெற்கே வெள்ளாறும் கொள்ளிடமும் இக்கரையில் கடலைச் சேர்கின்றன. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடு. ஆழம் குறைந்த, ஆற்று வண்டலால் கலங்கிய இத்தகைய நீரைத் தேடித்தான் கரையோரச் சுறாக்களில் பல இனங்கள் குட்டி ஈன வருகின்றன. குட்டிகளைத் தின்னும் பெரிய சுறாக்கள் அங்கே குறைவு. இறாலும் சிறுமீனும் மிகுதி. ஈன்ற தாய் ஆழத்துக்குத் திரும்பிவிட, குட்டிகள் சில மாதங்களோ சில ஆண்டுகளோ கரையை ஒட்டியே வளர்கின்றன. கடற்கரையின் நாற்றங்கால் என்று சொல்லத்தக்க இந்தப் பட்டையில்தான் நம் வலைகளும் நெருக்கமாக இருக்கின்றன.

கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்தும் புதுவையின் தேங்காய்த்திட்டிலிருந்தும் புறப்படும் விசைப்படகுகள் இழுவை வலையால் அடிக்கடலை வாரிக்கொண்டு போகின்றன. இறாலையும் கணவாயையும் குறிவைத்து இழுக்கும் அந்த மடியில் அரை மீட்டர்கூட இல்லாத கொம்பன் குட்டிகளும் திருக்கைக் குட்டிகளும் சேர்ந்தே வருகின்றன. தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனாங்குப்பம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களின் பைபர் படகுகள் விடும் செவுள் வலையில் சிக்குபவை வேறு. மாலையில் விட்டு விடியலில் வாங்கும் வலையில், நீந்தாமல் மூச்சுவிட முடியாத சுறா பல மணி நேரத்துக்கு முன்பே இறந்துபோயிருக்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்து சேர்ந்த பைபர் படகுகள் இக்கரையில் வலைகளின் எண்ணிக்கையைப் பெருக்கின. அன்று அது பிழைப்புக்கான உதவி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கரையோர நீரின் மீது கூடிய சுமையை அப்போது எவரும் கணக்கில் கொள்ளவில்லை.

சுறாவையே நாடி ஆயிரங்கால் தூண்டிலோடு தங்குகடல் செல்வோரும் தமிழகத்தில் உண்டு. குமரி மாவட்டத் தூத்தூர் மீனவர்கள் அதற்குப் பெயர் பெற்றவர்கள். அவர்கள் பிடிப்பவை பெரும்பாலும் ஆழ்கடலின் பெரிய சுறாக்கள். குட்டிகள் கரையில் வலையிலும், தாய்கள் ஆழத்தில் தூண்டிலிலும் போனால் என்னவாகும் என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் அனுபவம் பயனுள்ளது. அங்கே டஸ்கி எனப்படும் பெரிய சுறா இனத்தின் குட்டிகளையே முதன்மையாகப் பிடிக்கும் செவுள் வலைத் தொழில் பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. குட்டிகளில் ஒரு பங்கை அளவோடு எடுத்தாலும் தாய்கள் தப்பினால் இனம் தாங்கும் என்று அங்கு ஆய்வாளர்கள் கண்டார்கள். வளர்ந்த சுறாக்களைப் பிற வகைத் தொழில்கள் கொஞ்சம் பிடித்தாலும் அந்தக் கணக்கு குலைந்துவிடும் என்றும் கண்டார்கள். ஆகவே பெரிய சுறாக்களைப் பிடிக்கக் கூடாது என்று உச்ச அளவு வரம்பு வைக்கப்பட்டது. சிறியதை விடு, பெரியதைப் பிடி என்ற நம் வழக்கமான மீன்பிடி அறிவுக்கு இது நேர் எதிரானது. சுறா விஷயத்தில் அந்த அறிவு அப்படியே பொருந்தாது என்பதை மீன்துறை அலுவலர்களிடம்கூட விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி, கரைக்கு வந்தபின் சுறாவுக்கு நடப்பது. சுறாப் புட்டு நம் வீடுகளில் எவ்வளவு பழமையானது என்று விளக்கத் தேவையில்லை. சுறாவின் உடலில் யூரியா மிகுதி. இறந்தபின் அது அம்மோனியாவாக மாறி நெடியடிக்கும். மஞ்சள் சேர்த்து வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்துப் பூண்டும் வெங்காயமுமாகத் தாளிக்கும் முறையும், உப்பிட்டுக் கருவாடாக்கும் முறையும் அந்த நெடியை வென்ற கைப்பக்குவங்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று பால் சுறாவைத் தேடி வாங்கும் வழக்கம் கடலூரிலும் புதுவையிலும் இன்றும் மாறவில்லை. இந்தத் தேவைதான் சந்தையை நடத்துகிறது. சிறிய சுறாவுக்குக் கிலோவுக்கு நல்ல விலை கிடைப்பதும் இதனால்தான். பால் சுறா என்று விற்கப்படுவதெல்லாம் அந்த இனமும் அன்று. பெரிதாக வளரக்கூடிய பிற சுறாக்களின் குட்டிகளும் அதே பெயரில் அதே தட்டில் விலைபோகின்றன. தலையும் துடுப்பும் நீங்கிய பிறகு வேறுபாடு கண்டுபிடிப்பது அனுபவமுள்ளவருக்கும் அரிது. பால் சுறாவே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன்னின் செம்பட்டியலில் ‘பாதிப்புக்கு உள்ளாகக்கூடியது’ என்ற நிலைக்கு வந்துவிட்டது. (பெரிய சுறாக்களின் இறைச்சியில் பாதரசம் சேர்வதால் பாலூட்டும் தாய்மார் அதைத் தவிர்க்க வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. அதைக் கேட்டு வாங்குவோர் சிறிய மீனையே மேலும் நாடினால், சுறாவின் பார்வையில் அது நன்மையா தீமையா என்று சொல்வது எளிதன்று.)

சட்டத்தின் வரலாறு இந்தச் சந்தையை நிலையாகத் தொட்டதில்லை. 2001 ஜூலையில் மத்திய அரசு சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் ஒரே ஆணையில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கடற்கரை மாநிலங்களில் எதிர்ப்புக் கிளம்பியது. வலையில் எது விழும் என்று முன்கூட்டி அறியாத மீனவர், கரைக்கு வந்ததும் குற்றவாளியாகும் நிலை அது. அவ்வாண்டு டிசம்பரிலேயே ஆணை திருத்தப்பட்டு, திமிங்கலச் சுறா, ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா இனங்கள், கங்கைச் சுறா, பாண்டிச்சேரிச் சுறா உள்ளிட்ட 10 இனங்களாகப் பட்டியல் சுருங்கியது. ஐந்தே மாதங்களில் எல்லாம் என்பது பத்தாகிப்போன இந்த நிகழ்வு, மீனவரைக் கேளாமல் எழுதப்படும் தடைக்கு எவ்வளவு ஆயுள் என்பதைக் காட்டியது.

அடுத்து வந்தவை துடுப்பைப் பற்றிய விதிகள். துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசும் கொடுமையைத் தடுக்க, துடுப்பு உடலோடு ஒட்டியே கரைக்கு வர வேண்டும் என்று 2013இல் விதிக்கப்பட்டது. 2015 பிப்ரவரியில் எல்லா இனங்களின் துடுப்பு ஏற்றுமதிக்கும் தடை வந்தது. கள்ளத்தனமாக அது தொடர்கிறது என்பதற்கு, 2018இல் மும்பையிலும் குஜராத்தின் வெராவலிலும் வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் கைப்பற்றிய சுமார் 8,000 கிலோ துடுப்பு சான்று. இருந்தாலும் இவ்விதிகள் தேவையற்றவை என்று சொல்ல மாட்டேன். பெரிய சுறாவைத் தேடிப் போகும் ஊக்கத்தை அவை குறைத்திருக்கும். நம் கரையின் நிலைமை வேறு. இங்கே சுறாவை முழுதாகக் கொண்டுவந்து முழுதாக விற்பதே வழக்கம். துடுப்பின் விலை போனதால் மீனவருக்கு வருமானம் குறைந்ததே தவிர, வலையில் விழும் குட்டியின் எண்ணிக்கை குறைய அதில் காரணம் எதுவும் இல்லை.

2022இல் நிகழ்ந்த இரண்டு மாற்றங்கள் பட்டியலை மேலும் நீட்டின. வன உயிரினச் சட்டத்தின் திருத்தம் அட்டவணைகளை ஆறிலிருந்து நான்காக்கி, அவற்றுள் ஒன்றை, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில் உள்ள இனங்களுக்கு ஒதுக்கியது. 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. பனாமாவில் கூடிய சைட்டீஸ் மாநாடு, பால் சுறா முதல் புலிச் சுறா வரை அடங்கிய கார்கரைனிடே குடும்பம் முழுவதையும் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. கடலூர் துறைமுகத்தில் ஏலத்துக்கு வரும் சுறாக்களில் பெரும்பகுதி இன்று இந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது. ஏற்றுமதி செய்வதானால் அந்த வணிகம் இனத்துக்குக் கேடு செய்யாது என்ற அறிவியல் சான்று வேண்டும். உள்ளூர்த் தட்டில் விற்கவோ ஒன்றும் வேண்டாம்.

முதல் அட்டவணை இனத்தைப் பிடித்தால் மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறை. தண்டனை இவ்வளவு கடுமையானதாக இருக்கும்போது, தற்செயலாக வேளாவோ, திருக்கையின் உறவான பெரிய உழுவை மீனோ வலையில் விழுந்த மீனவர் என்ன செய்வார் என்று யோசித்தால் போதும். கடலிலேயே வெட்டிப் போடுவார். எவரிடமும் சொல்ல மாட்டார். இனத்தைக் காக்க எழுதிய சட்டம் அந்த இனம் இன்னும் இருக்கிறதா என்ற செய்தியையே மறைத்துவிடுகிறது. சங்கப் பாடலில் இக்கரையின் பரதவர் சினைச் சுறாவின் கொம்பை மணலில் நட்டுத் தெய்வமாக வழிபட்ட காட்சி வருகிறது. அந்தக் கொம்பு வேளாவின் பல் நிறைந்த மூக்காக இருக்கலாம் என்று கருத இடமுண்டு. வலையில் சிக்கிக்கொள்ளவே அமைந்தது போன்ற அந்த மூக்கால், இன்று உலகின் மிக ஆபத்தான நிலையில் உள்ள மீன்களுள் வேளாவும் ஒன்று. அப்படி ஒன்று உயிரோடு விழுந்தால், அச்சமின்றி அதை அவிழ்த்துவிட்டுப் படம் எடுத்துச் சொல்லும் வழி மீனவருக்கு இருக்க வேண்டும்.

அதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. குஜராத் கரையில் 2001இல் தடை வரும்வரை திமிங்கலச் சுறாவை வேட்டையாடினார்கள். 2004இல் தொடங்கிய பரப்புரையும், சிக்கிய சுறாவை விடுவிக்க வலையை அறுத்த மீனவருக்கு வனத்துறை இழப்பீடு தரும் ஏற்பாடும் சேர்ந்து நூற்றுக்கணக்கான சுறாக்களைக் கடலுக்குத் திருப்பியிருக்கின்றன. படகிலிருந்து மீனவர் எடுத்த படமே அங்கு சான்றாக ஏற்கப்படுகிறது. உழுவைக்கும் திருக்கைக்கும் அதே முறை இக்கரையில் பொருந்தும்; கடலடியில் படுத்தபடியே நீரை உள்ளிழுத்து மூச்சுவிடும் இனங்கள் அவை, வலையில் சில மணி நேரம் உயிரோடு இருக்கும், விட்டால் பிழைக்கும். கொம்பன் சுறாவுக்கு இது உதவாது. சிக்கிய அதிர்ச்சியிலேயே விரைவில் இறந்துவிடும் இனம் அது. அதை வலையில் விழாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. எல்லாச் சுறாவுக்கும் ஒரே விதி என்ற எண்ணம் இங்குதான் உடைகிறது.

விழாமல் பார்த்துக்கொள்வதென்றால், குட்டிகள் மிகுதியாக இருக்கும் முகத்துவாரங்களில், அவை ஈனப்படும் மாதங்களில், இழுவையையும் இரவு முழுக்கக் கிடக்கும் செவுள் வலையையும் விலக்கி வைப்பது. எந்த முகத்துவாரம், எந்த மாதம் என்பதை ஏலக்கூடத்தில் ஓராண்டு முழுதும் குட்டிகளின் நீளத்தை அளந்தும், தொப்புள் தழும்பு ஆறிய நிலையைப் பார்த்தும் அறியலாம். பிறந்த சில வாரங்கள் அத்தழும்பு திறந்தே இருக்கும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றுக் கரையிலேயே இருக்கிறது; இந்த வேலைக்கு வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

இடத்தையும் காலத்தையும் வரையறுக்கும் விதி நம் மீனவருக்குப் புதிதன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை கிழக்குக் கரை முழுதும் உள்ளது. ஆமைகள் முட்டையிடும் கரைகளுக்கு எதிரே ஜனவரி முதல் ஏப்ரல் வரை 5 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக் கூடாது என்ற ஆணையும் தமிழகத்தில் உண்டு. 61 நாள் தடை விசைப்படகுகளைக் கட்டிப்போடுவதால் சுறாவுக்கும் சிறு மூச்சு கிடைக்கிறது. பைபர் படகின் செவுள் வலையோ அந்நாட்களிலும் கரையோரத்திலேயே விடப்படுகிறது.

நடைமுறையில் பெரிய தடை எல்லைக்கோடு. தமிழகத்துக்கு 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். புதுவைக்கு 2008ஆம் ஆண்டின் தனிச் சட்டம். ஊர்களோ தாழங்குடா, நல்லவாடு, வீராம்பட்டினம் என்று மாநில எல்லையைப் பொருட்படுத்தாமல் ஒரே நீரில் தொழில் செய்கின்றன, மணவுறவும் அப்படியே. வன உயிரினச் சட்டத்தை வனத்துறையும் மீன்பிடிச் சட்டத்தை மீன்துறையும் பார்த்துக்கொள்வதால், ஒரே சுறாவுக்கு இரண்டு அரசுகளின் நான்கு அலுவலகங்கள். தென்பெண்ணை முகத்துவாரத்தைக் கடலூர் மூடி, வடக்கிலிருந்து புதுவைப் படகு வந்து வலைவிட்டால், மறுநாளே அந்த விதி செத்துவிடும்.

இதைத் தீர்க்கும் அதிகாரம் ஓரளவு இன்னும் ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் இருக்கிறது. எந்த வலை விடலாம், எப்போது தொழிலுக்குப் போகக் கூடாது என்று இக்கரையின் மீனவச் சமூகமான பட்டினவரின் ஊர்கள் தாமே முடிவெடுத்துத் தண்டம் விதிக்கும் மரபு உண்டு. பல ஊர்கள் கூடிப் பேசும் மரபும் உண்டு. அந்த அதிகாரத்தின் வரம்பையும் மறைக்கக் கூடாது. மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்து அள்ளும் சுருக்குமடி வலை விவகாரத்தில் 2021 ஆகஸ்டில் வீராம்பட்டினம், நல்லவாடு மீனவர்கள் கடலில் மோதிக்கொண்டார்கள். 2023 ஜனவரியில் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் என்ற கட்டுப்பாட்டோடு உச்ச நீதிமன்றம் தமிழகத்தில் அந்த வலைக்கு இடைக்கால அனுமதி தந்த பிறகும் கசப்பு அடங்கவில்லை. பெரும் முதலீடு போட்ட வலையை நிறுத்தச் சொன்னதால் வந்த மோதல் அது. முகத்துவாரத்தைச் சில வாரங்கள் விட்டுவிடச் சொல்வதில் அவ்வளவு பணம் சிக்கியிருக்கவில்லை. விட்டுக்கொடுப்போர் பெரும்பாலும் பைபர் படகுக்காரர்கள் என்பதால், 61 நாள் தடைக்காலத்துக்குக் கிடைப்பது போன்ற நிவாரணம் அவர்களுக்கு அந்த வாரங்களுக்கும் தரப்பட வேண்டும். இரண்டு மீன்துறைகளும் ஒரே நாளில் ஒரே ஆணையை வெளியிட்டு, தேங்காய்த்திட்டிலும் கடலூர் முதுநகரிலும் ஏலம் தொடங்கும் முன் குட்டிச் சுறாக்களை அளந்து பதிவு செய்ய ஆளுக்கொருவரை நிறுத்தினால், தொடங்குவதற்கு அதற்கு மேல் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.